கார் துடைக்க எதில் உட்காருவது? மணை, முக்காலி, சக்கர ஸ்டூல்: ஓர் ஒப்பீடு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. நங்கநல்லூரில் எங்கள் அடுக்ககத்தின் ஸ்டில்ட் பார்க்கிங்கில் காரின் நாலாவது சக்கரத்தையும் தேய்த்து முடித்துவிட்டு எழுந்தேன். முட்டியில் 'டக்' என்று ஒரு சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும் என்று நினைத்தேன். கேட் பக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் அண்ணன் தலையைத் தூக்கி, "ஏன் சார், ஒரு பலகை போட்டு உக்காரக் கூடாதா?" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. இரண்டு வருடத்தில் ஐந்து விதமான இருக்கைகளில் உட்கார்ந்து கார் துடைத்துவிட்டேன். ஒன்று காசு கொடுத்து வாங்கியது, ஒன்று ஆசாரியிடம் சொல்லிச் செய்தது, ஒன்று பக்கத்து பிளாக்காரருடையது, மீதி வீட்டில் சும்மா கிடந்தவை. வீட்டிலேயே வண்டி கழுவி, ரிம்மைத் தேய்த்து, வேக்ஸ் போடுகிற வரைக்கும் போகிற ஆள் நீங்கள் என்றால், ஆன்லைனில் சிவப்பும் கறுப்புமாக மெத்தை வைத்து, அடியில் தட்டும் நாலு சக்கரமுமாக ஒரு ஸ்டூலைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நாள் ராத்திரி அதைக் கார்ட்டில் போட்டுவிட்டு யோசித்துக்கொண்டும் இருந்திருப்பீர்கள். அதன் மெத்தை எத்தனை அங்குலம் என்பதெல்லாம் அப்புறம். முதலில் கீழே போய் உங்கள் பார்க்கிங் தரையைப் பார்த்துவிட்டு வாருங்கள். சொல்ல வந்ததில் முக்கால்வாசி அவ்வளவுதான்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. உட்கார வேண்டியிருக்கிறதா? வாரம் ஒரு முறை தண்ணீர் ஊற்றி ஷாம்பு போட்டுத் துடைப்பதோடு சரி என்றால் இருக்கையே வேண்டாம். கூரை, கண்ணாடி, பானெட், கதவின் மேல்பாதி எல்லாம் நின்றபடி செய்கிற வேலை. உட்கார வேண்டியிருப்பது கதவின் கைப்பிடிக்குக் கீழே இருக்கிற பகுதிக்குத்தான்: நாலு சக்கரம், கதவின் கீழ்ப்பாதி, இரண்டு பம்பர், படிக்கட்டு மாதிரி இருக்கிற கதவடி விளிம்பு. பிரேக் தூசி, தார்ப் புள்ளி, மழைக்காலச் சேறு எல்லாம் அங்கேதான் சேரும். தேய்க்க நேரம் பிடிக்கிற இடமும் அதுதான்.

மாதம் ஒரு தொகை கொடுத்து ஆள் வைத்துவிட்டால் இந்தக் கவலை எதுவும் இல்லையே என்பார்கள். உண்மைதான். விடியற்காலையில் ஒருவர் வருவார், ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு துணி, பத்துப் பன்னிரண்டு வண்டி. ஏழாவது வண்டிக்கு வரும்போது அந்தத் தண்ணீரில் முதல் ஆறு வண்டியின் மணலும் இருக்கும். ஆறு மாதம் கழித்து வெயிலில் பானெட்டைப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்டவட்டமாகக் கீறல் தெரியும். அவர் மேல் தப்பில்லை. அந்தக் காசுக்கு அவ்வளவுதான் செய்ய முடியும். என் வண்டி கறுப்பு. கறுப்பு வண்டி வாங்கியவன் அந்த வலையைப் பார்த்துவிட்டால் அப்புறம் தூங்க மாட்டான். அதனால் நானே துடைக்கிறேன்.

உயரக் கணக்கு

இருக்கை வாங்குமுன் ஒரு டேப்பை எடுத்து அளந்திருந்தால் எனக்கு ஒரு ஸ்டூல் காசு மிச்சமாகியிருக்கும். என் வண்டி ஸ்விஃப்ட். டயரில் 185/65 ஆர்15 என்று எழுதியிருக்கும். 185 மி.மீ. அகலம், அதில் 65 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், நடுவில் 15 அங்குல ரிம். கூட்டினால் சக்கரத்தின் மொத்த உயரம் 62 செ.மீ.; அதன் மையம் தரையிலிருந்து சுமார் 31 செ.மீ., அதாவது ஒரு அடி. கிரெட்டா மாதிரி பெரிய வண்டியில் வருகிற 215/60 ஆர்17 டயருக்குக் கணக்குப் போட்டாலும் மையம் 34, 35 செ.மீ. தாண்டவில்லை. பெரிய வண்டி வைத்திருப்பவர்களுக்கும் சக்கரத்துக்குக் குனிகிற குனியல் அதே குனியல்தான்.

இப்போது உடம்பு. உட்கார்ந்திருக்கும்போது என் முழங்கை இருக்கையிலிருந்து 22 செ.மீ. மேலே நிற்கிறது. தேய்க்கிற வேலை முழங்கை மட்டத்துக்கு ஒட்டி இருந்தால் தோளும் வலிக்காது, இடுப்பும் மடங்காது. அடுப்பு மேடை உயரம் சரியில்லாத வீட்டில் தோசை சுட்டவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. 31-ல் 22 போனால் 9. ஆக, சக்கரம் தேய்க்க எனக்குச் சரியான இருக்கை அரை அடிக்கும் குறைவான உயரம். அதற்கு நம் வீட்டில் ஏற்கெனவே பேர் இருக்கிறது: மணை.

கடையில் விற்கிற தட்டு வைத்த சக்கர ஸ்டூல்களில் பெரும்பாலானவை ஒன்றே கால் அடிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. என்னுடையது 36 செ.மீ. அதில் உட்கார்ந்தால் முழங்கை 58 செ.மீ. உயரத்துக்கு வந்துவிடும். கதவின் கீழ்ப்பாதிக்கு இது கன கச்சிதம். பம்பருக்கும் பரவாயில்லை. சக்கரத்துக்கு வரும்போது மட்டும் இரண்டு முட்டியையும் விரித்து, நடுவில் தலையை விட்டுக் குனிய வேண்டியிருக்கிறது. ரிம்மின் உள்பக்கம் பிரஷ் விட்டுத் தேய்க்கிற நாளில், நாலாவது சக்கரத்துக்கு முட்டி சும்மா இருக்கிறது, முதுகு கேள்வி கேட்கிறது.

அப்படியானால் எல்லோரும் மணையில் உட்கார்ந்துவிடலாமே என்றால், எழுந்திருக்க வேண்டுமே! தரைக்கு அரை அடி மேலே உட்கார்ந்து எழுகிறவனின் முட்டி முழுசாக மடங்கி, முழு எடையோடு நிமிர வேண்டும். என் முட்டியின் உயரம் 42 செ.மீ. இருக்கை அதற்குப் பக்கத்தில் இருந்தால் எழுவது சுலபம், அதிலிருந்து எவ்வளவு இறங்குகிறோமோ அவ்வளவு பாடு. ஆக, தாழ்வான இருக்கை முதுகைக் காப்பாற்றி முட்டியை வாங்குகிறது, உயரமான இருக்கை முட்டியைக் காப்பாற்றி முதுகை வாங்குகிறது. உங்களுக்கு எது ஏற்கெனவே போயிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஸ்டூலுக்குச் சக்கரம் இருப்பதன் உண்மையான லாபம் இந்த இடத்தில்தான். ஒரு பக்கத்தில் முன் சக்கரம், முன் கதவு, பின் கதவு, பின் சக்கரம். இரண்டு பக்கத்துக்கும் எட்டு. முன் பம்பருக்கும் பின் பம்பருக்கும் இரண்டிரண்டு தடவை நகர வேண்டும். மொத்தம் 12. ஷாம்பு ஒரு சுற்று, துணியால் ஈரம் எடுக்க ஒரு சுற்று, வேக்ஸ் ஒரு சுற்று என்றால் 36 தடவை உட்கார்ந்து எழ வேண்டும். சக்கரம் இருந்தால் இதில் பெரும்பகுதி, காலால் ஓர் உந்து உந்தி நகர்வதோடு முடிந்துவிடுகிறது. சக்கர ஸ்டூல் வாங்குவதற்கு மெத்தை, தட்டு, கப் ஹோல்டர் எல்லாம் காரணமே இல்லை. இந்த 36 தான் காரணம்.

தரை

அந்த உந்து உந்துவதற்குத் தரை இடம் கொடுக்க வேண்டும். சென்னையில் வண்டி நிற்கிற தரைகள் என்று பார்த்தால், என் அனுபவத்தில் நான்கு.

முதலாவது பார்க்கிங் டைல்ஸ். புது அடுக்ககங்களில் பெரும்பாலும் இதுதான். சக்கரம் நன்றாக ஓடும், சில நேரம் அளவுக்கு மீறியே ஓடும். ஏனென்றால் தண்ணீர் தேங்காமல் இருக்கத் தரைக்கு வாட்டம் விட்டிருப்பார்கள். நடந்து போனால் தெரியாது. சக்கரத்தில் உட்கார்ந்ததும் தெரியும். எங்கள் பார்க்கிங்கில் வாட்டம் மழைநீர்ச் சல்லடையைப் பார்த்துச் சரிகிறது. முன் கதவுக்கு நேராக உட்கார்ந்து வேக்ஸ் போட்டுக்கொண்டிருந்தவன், அரை நிமிஷத்தில் பின் கதவுக்கு நேராக இருப்பேன். கை நீண்டுகொண்டே போகிறதே என்று பார்த்தால் நான்தான் போய்க்கொண்டிருக்கிறேன். பிரேக் வைத்த சக்கரம் குறைந்தது இரண்டு இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. வாங்கும்போது பிரேக் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அதை உட்கார்ந்தபடியே கால் நுனியால் அமுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். குனிந்து கையால் பூட்ட வேண்டிய பிரேக்கை மூன்றாம் நாளிலிருந்து யாரும் பூட்ட மாட்டார்கள்.

இரண்டாவது பேவர் பிளாக். தனி வீட்டு முன்புறம், அடுக்ககத்தின் திறந்தவெளி, கேட்டிலிருந்து உள்ளே வருகிற பாதை எல்லாம் இதுதான். இங்கே சின்னச் சக்கரத்துக்கு வேலையே இல்லை. கற்களுக்கு நடுவே இருக்கிற சந்தில் 2 அங்குலச் சக்கரம் ஒவ்வொரு முறையும் தட்டித் தட்டி ஏறும். சக்கரத்தின் தடிமனும் குறைவாக இருந்தால், அது திரும்பி, சந்தின் நீளவாக்கில் இறங்கி உட்கார்ந்துவிடும். நீங்கள் உந்துவீர்கள், ஸ்டூல் நிற்கும், உடம்பு மட்டும் போகும். 4, 5 அங்குலத்துக்குப் போனால் ஓடுகிறது. ஆனால் சக்கரம் பெரிதாகப் பெரிதாக இருக்கையும் உயர்ந்துவிடுகிறது, மேலே போட்ட உயரக் கணக்கு கெடுகிறது. என்னைக் கேட்டால், பேவர் பிளாக்கில் சக்கரமே வேண்டாம்.

மூன்றாவது பழைய வீடுகளின் சிமெண்ட் தரை. சொரசொரப்பாக இருந்தாலும் 3 அங்குலச் சக்கரம் ஓடும். ஆனால் பள்ளம் மேடு இருக்கும். நாலு சக்கர ஸ்டூலுக்கு அங்கே எப்போதும் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். '120 கிலோ தாங்கும்' என்று அட்டையில் போட்டிருப்பது நாலும் தரையில் இருக்கிற கணக்கு. மூன்று சக்கரம் என்றால் எந்தத் தரையிலும் மூன்றும் பதியும், முக்காலி ஆடாத அதே காரணம்தான். ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்து எட்டித் தேய்த்தால் கவிழ்ந்துவிடும்.

நான்காவது தெரு. வண்டி தெருவிலேயே நிற்கிறவர்களுக்குத் தார், மண், வீடு கட்டுகிறவர் கொட்டிய எம்-சாண்ட் எல்லாம் கலந்துதான் தரை. அங்கே கவிழ்த்த பெயிண்ட் வாளிதான் ராஜா. புதுப்பேட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசலில் வேலை செய்கிறவர்களைப் பாருங்கள்: பழைய டயரைப் படுக்கப் போட்டு, அதன் மேல் ஒரு பலகை. சக்கரம் வைத்த ஆசனம் எதையும் நான் அங்கே பார்த்ததில்லை.

உட்கார்ந்து பார்த்தவை

ஆரம்பத்தில் குளியலறை பிளாஸ்டிக் முக்காலி. முக்காலி என்று சொல்கிறோமே தவிர அதற்கு நாலு கால். ஓர் அடிக்குள் உயரம், எடை இல்லை, தண்ணீர் பட்டால் கவலை இல்லை, காரில் இடித்தால் கீறாது. வழுவழுப்பான ஈர டைல்ஸில் மட்டும் கால் வழுக்கும். காலுக்கு ரப்பர் புஷ் போட்டால் சரியாகிவிடும். முழு மதிப்பெண்ணுக்குக் கொஞ்சம்தான் குறைவு. குறை, அந்த 36 தடவை. ஒவ்வொரு முறையும் எழுந்து, காலால் தள்ளி, மறுபடி உட்கார வேண்டும். வேக்ஸ் போடுகிற நாளில் இது அலுத்துப்போகும்.

அப்புறம் மகனின் பழைய ஆபீஸ் நாற்காலியின் சாய்மானத்தைக் கழற்றிவிட்டு முயன்றேன். அடிமட்டத்துக்கு இறக்கினாலும் ஒன்றரை அடிக்கு அருகில் நின்றது. கதவுக் கைப்பிடி துடைக்க நல்ல ஆசனம். கைப்பிடியை நின்றபடியே துடைக்கலாம்.

மூன்றாவதுதான் ஆன்லைனில் வாங்கிய சிவப்பு ஸ்டூல். பெட்டியில் வந்த போல்ட்டில் ஒன்று குறைந்தது, ஹார்டுவேர் கடையில் வாங்கிப் போட்டேன். அதெல்லாம் நடக்கிறதுதான். முதல் இரண்டு மாதம் சொர்க்கம். வண்டியைச் சுற்றி ஒரு வட்டம், எழுந்திருக்காமலே. நவம்பர் மழை வந்தது. பார்க்கிங்கின் ஓரத்தில் வைத்திருந்த ஸ்டூலின் ரெக்சின் தையல் வழியாக ஸ்பாஞ்சு தண்ணீர் குடித்துவிட்டது. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உட்கார்ந்தால் ஊறும். ஆபீஸ் போகிற அவசரத்தில் கண்ணாடி துடைத்துக் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, பேண்ட்டின் பின்பக்கம் ஈரத்தோடு மெட்ரோவில் போன கதையை வீட்டில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சக்கரங்களைப் பிடித்திருக்கிற இரும்புக் கவடு துருப்பிடித்து, அச்சில் மைக்ரோஃபைபர் நூலும் தலைமுடியும் சுற்றி, இரண்டு சக்கரம் சுழலாமல் இழுபட ஆரம்பித்தன. திருவான்மியூர், கொட்டிவாக்கம் பக்கம் கடற்கரைக்கு அருகில் இருப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். உப்புக் காற்றுக்கு மெல்லிய முலாம் பூசிய இரும்பு ரொம்ப நாள் தாங்காது.

நான்காவது, காற்று சிலிண்டர் வைத்து ஏற்றி இறக்குகிற வட்ட ஸ்டூல். பல் டாக்டர்கள் உட்காருவார்களே, அதன் தம்பி. நான் வாங்கவில்லை. பக்கத்து பிளாக்கில் ஒருவர் பாலிஷ் மெஷின் வைத்திருக்கிறார், அவருடையதில் நாலு ஞாயிறு உட்கார்ந்தேன். ஐந்து கை பிரிந்த அடி என்பதால் சாய்ந்தாலும் கவிழவில்லை. உயரத்தை மாற்றலாம் என்பது பெரிய வசதி, ஆனால் அதன் குறைந்தபட்ச உயரமே என் சிவப்பு ஸ்டூலைவிடக் கொஞ்சம் அதிகம். ஆக, மாறுகிற உயரமெல்லாம் மேல்நோக்கித்தான். சக்கரத்துக்கு அது உதவவில்லை. கதவு, பின்புறக் கதவு, உள்ளே சீட் பக்கம் எல்லாவற்றுக்கும் அருமை. பாலிஷ் மெஷினை இரண்டு கையால் பிடித்துக் கதவில் நாலு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு அதைவிட நல்ல ஆசனம் இல்லை. மாதம் ஒரு நாள் வேக்ஸ் போடுகிறவருக்கு அது ஆடம்பரம். முட்டி ஆபரேஷன் ஆனவர்கள், மடக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னவர்கள் வேண்டுமானால் நேராக இதற்கே போகலாம். சக்கரம் தேய்ப்பதை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும்.

ஐந்தாவது, இப்போது என்னிடம் இருப்பது: ஆசாரி செய்த சக்கர மணை. 18 மி.மீ. மரைன் பிளைவுட்டில் ஒன்றரை அடிக்கு ஓர் அடி. அடியில் 3 அங்குல பியூ (பாலியூரித்தேன்) காஸ்டர், அதாவது திரும்புகிற சக்கரம், நான்கு, அதில் இரண்டு பிரேக்கோடு. சக்கரம் பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் தெருவில் வாங்கியது. சக்கரத்தின் பிராக்கெட்டோடு சேர்த்துப் பலகையின் மேல்மட்டம் தரையிலிருந்து 12 செ.மீ. சொச்சம். சக்கரம் தேய்க்க முழங்கை மிகச் சரியாக வந்து நிற்கிறது. மெத்தை கிடையாது, பழைய யோகா பாயில் ஒரு துண்டு வெட்டிப் போட்டிருக்கிறேன். அது தண்ணீர் குடிக்காது. பலகையின் நாலு விளிம்பிலும் ஏ.சி. பைப்புக்குப் போடுகிற கறுப்பு நுரைக் குழாயைப் பிளந்து மாட்டியிருக்கிறேன், வண்டியில் இடித்தாலும் பெயிண்ட் போகாது. மொத்தச் செலவு சிவப்பு ஸ்டூலின் விலையில் பாதிகூட வரவில்லை. எழுந்திருக்கும்போது மட்டும் ஒரு கையை டயரின் மேல் ஊன்றிக்கொள்கிறேன். பெயிண்டில் ஊன்றாதீர்கள், கையில் இருக்கிற மணல் கீறிவிடும்.

முட்டி போட்டு வேலை செய்கிறவர்களுக்கு ரப்பர் நுரை மெத்தை ஒன்று விற்கிறார்கள், தோட்ட வேலைக்கு என்று. மலிவு. ஒரு முட்டி ஊன்றி ஒரு முட்டி நிமிர்த்தி உட்கார்ந்தால் சக்கரத்துக்கு நல்ல கோணம். பத்து நிமிஷத்துக்கு மேல் என்னால் முடியவில்லை.

ஈரத்தில் ஒரு பாடம்

சக்கர ஸ்டூல் விளம்பரத்தில் தரை எப்போதும் காய்ந்தே இருக்கும். கார் கழுவுகிற இடத்தில் தரை எப்போது காய்ந்திருக்கிறது?

சிவப்பு ஸ்டூல் புதிதாக இருந்த நாட்களில், ஷாம்பு நுரை ஓடுகிற டைல்ஸில் முன் பம்பருக்கு எதிரே அதை நிறுத்திவிட்டு, பின்னால் பார்க்காமல் உட்காரப் போனேன். பிரேக் இல்லாத மாடல். தொடை விளிம்பு பட்டதும் அது பின்னால் நழுவியது. நான் உட்கார்ந்தது பக்கெட்டின் மேல். பக்கெட் உடைந்தது, நுரைத் தண்ணீர் முழுக்க சல்லடைப் பக்கம் ஓடியது, பின்னாடியே ஸ்டூலும் வாட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் போனது. முதல் மாடி பாட்டி பால்கனியிலிருந்து, "மெதுவாப்பா, வண்டி எங்கயும் போயிடாது" என்றார். வண்டி போகவில்லைதான், ஸ்டூல் போய்விட்டது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். தண்ணீர் ஓடுகிற வரைக்கும் பிளாஸ்டிக் முக்காலி. தரையில் ரப்பர் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிட்டு, துணியால் வண்டியின் ஈரத்தை எடுக்கிற சுற்றிலிருந்துதான் சக்கரம். உட்காருவதற்கு முன் ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவேன். சினிமா தியேட்டரில் மடங்குகிற சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்காருவோமே, அந்த மாதிரி.

சக்கரத்தின் பொருளும் இங்கே முக்கியம். நைலான் சக்கரம் கெட்டி, தேயாது, ஆனால் டைல்ஸில் கடகடவென்று சத்தம் போடும். காலை ஆறு மணிக்கு மொத்த பிளாக்கையும் எழுப்பிவிடும். ஈரத்தில் வழுக்கவும் செய்யும். சாதா ரப்பர் சத்தம் போடாது, பிடிமானம் உண்டு, ஆனால் சில ரப்பர் டைல்ஸில் கறுப்புக் கோடு போடும், ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நிறுத்தினால் ஒரு பக்கம் தட்டையாகவும் ஆகும். பியூ இரண்டுக்கும் நடுவில். சத்தம் குறைவு, எண்ணெய், ஷாம்பு எதுவும் அதை ஒன்றும் செய்யாது. விலை கொஞ்சம் கூட. கவடு துருப்பிடிக்காத எஃகில் கிடைத்தால் இன்னும் நல்லது, கிடைக்காவிட்டால் மழைக்காலத்துக்கு முன் அச்சைச் சுத்தம் செய்து ஒரு விரல் கிரீஸ் வைத்தால் போதும்.

அடியில் இருக்கிற அந்தத் தட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பார்க்க அழகாக இருக்கிறது, பிரஷ், பாட்டில் எல்லாம் வைக்கலாம். ஆனால் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில், நாலு சக்கரத்துக்கு நடுவில் இருக்கிற தட்டு அது. ஈரத் தரையில் உருளும்போது சக்கரம் தெறிக்கிற மணல் நேராக அதில்தான் விழும். அங்கே வைத்த மைக்ரோஃபைபர் துணியை எடுத்துக் கதவைத் துடைத்தால், மாத ஆள் போட்ட சிலந்தி வலையை நீங்களே போட்டுக்கொள்ளலாம். இரண்டு பக்கெட், ஷாம்புக்கு ஒன்று, துணியை அலச ஒன்று என்று இவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, கடைசியில் தட்டில் கோட்டை விட்டவன் நான். தட்டில் பிரஷ்ஷும் டயர் பாலிஷும் மட்டும் வையுங்கள். துணி தோளில் இருக்கட்டும்.

தண்ணீர் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறுகிற தண்ணீரை வீணாக்காமல் வண்டிக்கு ஊற்றுகிறவர்கள் நிறைய. தரை கழுவ நல்லது. வண்டியின் கடைசி அலசலுக்கு மட்டும் வேண்டாம். வடிகட்டிய உப்பு சேர்ந்து, மெஷினுக்குள் போன தண்ணீரைவிட உப்பாக இருப்பது அது. காய்ந்தால் வெள்ளை வட்டம் விழும், கத்திரி வெயில் நாளில் ஐந்தே நிமிஷத்தில். அந்த வட்டங்களை எடுக்கத்தான் நீங்கள் கூடுதலாக ஒரு மணி நேரம் ஸ்டூலில் உட்கார வேண்டியிருக்கும். 2019 கோடையில் ஏரிகள் வற்றி, லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த மாதங்களில் நான் காரே கழுவவில்லை. ஈரத் துணியால் துடைத்ததோடு சரி. அந்த நிலைமை மறுபடி வந்தால் ஸ்டூலுக்கும் விடுமுறைதான்.

யாருக்கு எது

டைல்ஸ் போட்ட ஸ்டில்ட் பார்க்கிங், முட்டி இன்னும் நன்றாக மடங்குகிறது, சக்கரமும் ரிம்மும்தான் உங்கள் ஆசை என்றால் ஆசாரியிடம் போங்கள். அரை மணி நேர வேலை அவருக்கு. ஆசாரி கிடைக்கவில்லை, அலைய நேரமில்லை என்றால் 30 செ.மீ.க்குக் குறைவான சக்கர ஸ்டூலைத் தேடுங்கள். கிடைப்பது அபூர்வம், ஆனால் இருக்கிறது.

அதே தரை, ஆனால் முட்டி மடங்க மாட்டேன் என்கிறது என்றால் தட்டு வைத்த சாதாரணச் சக்கர ஸ்டூலே சரி. பிரேக், 3 அங்குலச் சக்கரம், தையல் இல்லாத மெத்தை, இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். மெத்தைக்குத் தையல் இருந்தால் வாங்கிய அன்றே ஒரு பிளாஸ்டிக் உறையைப் போட்டுவிடுங்கள். கடையில் பார்த்து வாங்க முடிந்தால், அங்கேயே தலைகீழாகக் கவிழ்த்து ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுற்றிவிடுங்கள். பால்பேரிங் வைத்தது சத்தமில்லாமல் கொஞ்ச நேரம் ஓடும். வெறும் அச்சில் மாட்டியது இரண்டு சுற்றில் நின்றுவிடும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் ஒரு கடைக்காரர் நான் கவிழ்த்துப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "கார் வாங்கும்போதுகூட இப்படிப் பாக்க மாட்டாங்க சார்" என்றார். உண்மைதான், பார்த்ததில்லை.

பேவர் பிளாக்கோ தெருவோ என்றால் பிளாஸ்டிக் முக்காலி. அதற்கு மேல் ஒரு ரூபாய் செலவு செய்யாதீர்கள். சக்கர ஸ்டூலை அங்கே வாங்கினால் அது சீக்கிரம் வீட்டுக்குள் போய்விடும். என் சிவப்பு ஸ்டூல் அப்படித்தான் போனது: மெத்தையைக் கழற்றி வெயிலில் காயவைத்து, இரண்டு சக்கரம் மாற்றி, அம்மா கையில் கொடுத்தேன். பால்கனித் தொட்டிகளுக்கு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உட்கார்ந்தபடியே தண்ணீர் ஊற்றுகிறார். தட்டில் கத்தரிக்கோலும் வேப்பம் புண்ணாக்கும் இருக்கின்றன. பால்கனியில் வாட்டம் அவ்வளவாக இல்லை.

ஒன்று பாக்கி: கூரை. என் உயரத்துக்கு ஸ்விஃப்ட்டின் கூரை நடுப்பகுதி எட்டாது, எதிலாவது ஏறி நின்றுதான் துடைக்க வேண்டும். கையில் துணியோடு நிற்கும்போது பக்கத்தில் தயாராக இருப்பது எது? சக்கர ஸ்டூல். பிரேக் போட்டிருந்தாலும் அதன் மேல் ஏறாதீர்கள். பிரேக் சக்கரத்தின் சுழற்சியைத்தான் பிடிக்கும், பல மாடல்களில் கவடு திரும்புவதைப் பிடிக்காது. அதற்கு அந்தப் பழைய பிளாஸ்டிக் முக்காலிதான், அதுவும் காய்ந்த தரையில், ஒரு கை கதவுச் சட்டத்தைப் பிடித்தபடி. இரண்டு வருடம், ஐந்து இருக்கை ஆகியும் முக்காலி இன்னும் பார்க்கிங்கிலேயே கிடப்பது அதனால்தான்.